அணைக்க மறந்த நேரலை

என் வாலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் ஒரு வரி மெசேஜை வைத்து நானாகத் தீர்மானித்துக்கொள்கிறேன். நல்லாருக்கேன்மா அப்புறம் பேசறேன் என்கிறாய், அந்த அப்புறம் எந்தக் கிழமையில் வருகிறது என்றுதான் தெரியவில்லை. கோபமில்லை கண்ணு, அங்கே வேலை உன் பெண்டை நிமிர்த்துகிறது என்று தெரியும். ஆனால் முன்பெல்லாம் பஸ்ஸில் எவளோ காலை மிதித்ததைக்கூட அரை மணி நேரம் சொல்லுவாய், இப்போது காய்ச்சல் வந்து போனதையே போன பிறகுதான் சொல்கிறாய். என் பெண் எனக்கு விருந்தாளி ஆகிக்கொண்டிருக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். போன் இருக்க இவள் ஏன் பேனா எடுத்தாள் என்று நினைக்காதே, போனைப் பார்த்தாலே எனக்கு இப்போது பரீட்சை ஞாபகம் வருகிறது.

எங்கள் பேப்பர் ஆபீசில் பயிற்சி நடக்கிறது. ஆசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு, பேப்பர் வீட்டு வாசல்ல விழறதுக்குள்ள செய்தி பழசாயிடுது, இனிமே எழுதறவங்களே படம் எடுக்கணும், வெட்டி ஒட்டணும், நேரலையும் போகணும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மாடியில் பழைய பேப்பர் கட்டுகள் கிடந்த அறையைக் காலி செய்து மேசை போட்டிருக்கிறார்கள், யார் தும்மினாலும் பழைய தூசி என்று அதன் மேல் பழி. கோர்ட் செய்தி எழுதியே நரைத்துப்போன நான் முன் வரிசையில் உட்கார்ந்து, போனை எப்போது படுக்கவைத்துப் பிடிப்பது எப்போது நிமிர்த்திப் பிடிப்பது என்று படித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். பலபேர் சத்தத்தை அணைச்சுட்டுத்தான் பாக்கறாங்க மேடம், அதனால எழுத்தும் போடணும், முதல் மூணு நொடியில பிடிக்கலேன்னா விரலால தள்ளிட்டுப் போயிடுவாங்க என்கிறாள். யோசிக்கும்போது உன்னைப் போலவே பேனா மூடியைக் கடிக்கிறாள், ஒரு நாள் கடிக்காதேடி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், வகுப்பே சிரித்தது, பாவம் அவளும் சட்டென்று எடுத்துவிட்டாள். விளையாட்டுப் பக்கத்துக்காரர் ஒரு மேட்ச் முழுக்கத் தன் கட்டைவிரலைப் படம் பிடித்து வந்தார். நான் அவருக்கும் மேல், சிவப்புப் பொத்தானை நிறுத்துவதாக நினைத்து ஆரம்பிப்பேன், ஆரம்பிப்பதாக நினைத்து நிறுத்துவேன், வக்கீல் பேசியதெல்லாம் போய் என் செருப்பு நடந்துபோவதுதான் பதிவாகியிருக்கும்.

அந்தப் பொத்தான்தான் என் மானத்தை வாங்கியது. வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நேரலை போய்ப் பழகிக்கொண்டு வாருங்கள் என்றாள். பழகுவதற்கென்று தனிப் பக்கம் உண்டு, வகுப்பில் இருப்பவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். நான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே, ஊரே பார்க்கிற பேப்பரின் பெரிய பக்கத்தைத் தொட்டுவிட்டேன். அடுக்களையில் டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து, புடவைத் தலைப்பில் குட்டி மைக் குத்திக்கொண்டு, ஒழுகுகிற குழாயை அப்பா சரிசெய்வதைக் காட்டினேன். பேட்டிக்கு அவர் வாயே திறக்கவில்லை, ஸ்பானரைத்தான் தூக்கித் தூக்கிக் காட்டினார். நன்றி வணக்கம் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன், அழுந்தவில்லை போலிருக்கிறது. அதன் பிறகு நாங்கள் பாட்டுக்கு எங்கள் வேலையைப் பார்த்தோம். நான் பாத்திரம் கழுவினேன், உங்களுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா என்று அவரைத் திட்டினேன். மழை பிடித்தது. அவ ரூம் ஜன்னலைச் சாத்தினியா, மெத்தை நனைஞ்சுடும் என்றார் அப்பா. யாரு படுக்கப்போறாங்க, நனைஞ்சா நனையட்டும் என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டு, நானே ஓடிப்போய்ச் சாத்திவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவர் ஈரக் கையோடு நின்றுகொண்டிருக்கிறார். அவ கதவை அடிச்சுச் சாத்திட்டு சண்டை போடுவாளே, அந்தச் சத்தம் ஒரு தடவை கேட்டா போதும்டி என்றார். நான் குழாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் வெகு நேரம் கழித்து அப்பாவின் போனுக்கு விளையாட்டுப் பக்கத்துக்காரர் கூப்பிட்டு, அக்காகிட்ட சொல்லுங்க, உங்க வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் ஊரே எண்ணி முடிச்சாச்சு, நேரலை இன்னும் ஓடிட்டு இருக்கு என்றார்.

மறுநாள் ஆபீசில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நுழைவது என்று தெரியவில்லை. ஆசிரியர் முறைத்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்து திரும்பிக்கொண்டார். பயிற்சிப் பெண்ணோ, இதைவிட நல்ல பாடம் கிடைக்காது மேடம் என்று என் கூத்தையே திரையில் போட்டு, எத்தனை பேர் வந்தார்கள், எப்போது போனார்கள், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று கணக்கு வாசிக்க ஆரம்பித்தாள். நான் திட்டியபோது கூட்டம் அலைமோதியிருக்கிறது, பாத்திரம் முடிந்ததும் கலைந்துவிட்டது. போன் டப்பா மேல் சரிந்து வெறும் சுவரைக் காட்டிக்கொண்டிருந்த கடைசிப் பகுதியில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். இந்த ஒருத்தர் மட்டும் ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் போகவே இல்ல பாருங்க என்று சொல்லி ஊரைத் தட்டினாள். உன் ஊர். உன் ஊர்ப் பெயர், பக்கத்தில் ஒன்று. யாராவது அணைக்க மறந்துட்டுத் தூங்கியிருப்பாங்க என்றாள், அவளுக்கு என் பெண் அங்கே இருப்பது தெரியாது. நான் குனிந்து பையில் எதையோ தேடுவது போல வெகு நேரம் தேடினேன்.

நீதானா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன், இப்போது கேட்கப் பயமாக இருக்கிறது. வேறு யாரோ என்றால் அதை எனக்குச் சொல்லாதே. அப்பாவிடமும் நான் வாயைத் திறக்கவில்லை, சொன்னால் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் குழாய் பக்கம் போவார். ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். பயிற்சிப் பெண்ணிடம் கேட்டு, ஒருவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி நேரலை போவது எப்படி என்று கற்றுக்கொண்டேன், அதற்கான இணைப்பை உனக்கு அனுப்புகிறேன். தினமும் சாயங்காலம் விளக்குப் போட்டதும் டப்பா மேல் போனைச் சாய்த்து வைப்பேன். செய்தி எதுவும் இருக்காது, பாத்திரம் இருக்கும், திட்டு இருக்கும், உன் ஜன்னலைப் பற்றி ஒரு சண்டை இருக்கும். நீ பேச வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், உன் வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரு ஓரத்தில் ஓடவிடு. திரை மூலையில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும், அதன் பக்கத்தில் எத்தனை பேர் என்று எண் வரும். அங்கே ஒன்று வந்தால் எனக்குப் போதும்.

நன்றாகச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், பேனா மூடியைக் கடிக்காதே. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் மனம் நிறைந்து இருக்க வேண்டும். சத்தத்தை மட்டும் அணைத்துவிடாதே, நான் எழுத்துப் போட மாட்டேன்.

உன் மெத்தை நனையவில்லை.

அம்மா