அம்மாவுக்கு உஷாரில்லை

லஷ்கர் மொஹல்லா, மைசூர்
9 அக்டோபர் 1935

அன்புள்ள கமலுவுக்கு,

ஆண்டவர் கிருபையில் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் மாமியாரும் சுகமென்று நினைத்துக்கொள்கிறேன். நீதான் எழுதுவதே இல்லையே!

உன் புத்தகப் பார்சல் தசரா லீவில் வந்து சேர்ந்தது. "பிரமாதம், பிரமாதம்" என்று நீ எழுதியிருந்த காதல் நாவலைப் பாதிகூடத் தாண்டவில்லை. அந்தப் பெண் ஜன்னலோரம் அழுகிறாள், கிணற்றடியில் அழுகிறாள், ரயிலேறியும் அழுகிறாள். ஒரு கைக்குட்டை வாங்கிக் கொடுக்கக்கூட ஆசிரியருக்கு மனம் வரவில்லை. துப்பறியும் நாவல் அப்படியல்ல. ஜமீன்தாருக்கு விஷம் வைத்தது யாரென்று இன்னும் பிடிபடவில்லை. நீ மட்டும் முந்திக்கொண்டு சொன்னாயோ, உன்னைச் சும்மா விடமாட்டேன்.

நான் இங்கே ஒரு கன்னட நாவல் படித்தேன். இரண்டு ஓரகத்திகள் ஒரே வீட்டில் ஏழு வருஷம் பேசாமல் இருக்கிற கதை. உனக்குப் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் எழுதி அனுப்பட்டுமா? ஹாஸ்டலில் செய்தது போல என் தமிழுக்குச் சிவப்பு மசி போடக்கூடாது.

அம்மாவுக்கு இப்போது உஷாரில்லை. அதனால் நாவலை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கிறேன், ஒரு வார்த்தை திட்டுவதில்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருக்கிறது. முடிந்தால் ஒரு நடை வந்து போ, கமலு.

பிரியமுள்ள,
ஜேன்


உறையூர், திருச்சி
16 அக்டோபர் 1935

அடி என் ஜேன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், "என்னடி, ஏதாவது பிடித்துக்கொண்டதா?" என்று மாமியார் அடுக்களையிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

காதல் நாவலைத் திட்டுகிறாயா? இரு. கடைசியில் அவள் அழுகையை நிறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே நீ அழுவாய். பொறுமை இல்லாதவளுக்குப் புத்தகம் எதற்கு? விஷம் வைத்தது யாரென்று சொல்லமாட்டேன், பயப்படாதே. ஆனால் சமையற்காரனை மட்டும் சந்தேகப்பட்டுப் பொழுதை வீணாக்காதே. ஓரகத்திகள் கதையை உடனே அனுப்பு. அந்த ஏழு வருஷமும் யார் சமைத்தார்கள் என்று முதலில் எழுது, எனக்கு அதுதான் முக்கியம்.

நிஜமான சமாசாரத்துக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு உஷாரில்லையா! அடி அதிர்ஷ்டக்காரி, இதைவிட உனக்கு என்ன பண்டிகை வேண்டும்? பைபிள் அட்டைக்குள் நாவலை வைத்துப் படித்த பாவமெல்லாம் தீர்ந்தது. இப்படியே அவர் உஷாரில்லாமலே இருக்கவேண்டும் என்று உச்சிப்பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். என் மாமியாருக்கும் அந்த வரம் கிடைத்தால் நூறு தேங்காய் உடைக்கிறேன்! இதற்குப் போய் என்னவோ போல் இருக்கிறது என்கிறாயே, பைத்தியக்காரி. கிடைத்த வரைக்கும் அனுபவி.

தீபாவளி வேலை கழுத்துக்கு மேல் கிடக்கிறது. தை மாதம் வரப் பார்க்கிறேன்.

உன்,
கமலு


உறையூர், திருச்சி
25 நவம்பர் 1935

அன்புள்ள ஜேன்,

புத்தகங்கள் இரண்டும் புக் போஸ்டில் வந்தன. அழகாகக் காகிதம் சுற்றி, நூல் கட்டி, விலாசம் உன் முத்துமுத்தான கையெழுத்தில். உள்ளே உதறிப் பார்த்தேன், பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். நாலு வரி இல்லை. துப்பறியும் நாவலில் பாதியில் ஒரு பக்கத்தின் முனை மட்டும் மடங்கியிருக்கிறது. கொலைகாரனைக் கண்டுபிடிக்காமல் ஜேன் ஒரு புத்தகத்தைத் திருப்பி அனுப்புவாளா? என்னால் நம்ப முடியவில்லை.

என்ன கோபம்? சமையற்காரனைப் பற்றி எழுதினதா? போன வருஷம் நீ மட்டும் என்ன செய்தாய்? நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் அண்ணன்தான் திருடன் என்று கடிதத்தின் தலைப்பிலேயே எழுதவில்லையா? அதற்கு நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேனா?

இங்கே புத்தகத்தைப் பற்றிப் பேச எனக்கு யார் இருக்கிறார்கள்? எதைப் படித்தாலும் பாதிப் பக்கத்தில், "ஜேன் இதற்கு என்ன சொல்வாள்?" என்றுதான் மனம் ஓடுகிறது. திட்டியாவது எழுது.

உன்,
கமலு


உறையூர், திருச்சி
18 ஜனவரி 1936

என் அருமை ஜேனுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பக்கத்து வீட்டுக்கு ரயில்வேக்காரர் குடும்பம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அந்த அம்மாள் மல்லம்மா, உங்கள் ஊர்ப்பக்கம். இன்று காலையில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "பாப்பாவுக்கு உஷாரில்லை, டாக்டர் வீடு எங்கே?" என்று கேட்டாள். "பால்குடிக் குழந்தைக்கு உஷார் எதற்கம்மா?" என்று நான் சிரித்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஜேன். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அனலாகக் கொதித்தது.

"எங்க பக்கத்தில் உடம்பு சரியில்லை என்பதற்கு அப்படித்தான் சொல்வோம்" என்றாள். உள்ளே ஓடி உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் உஷார் என்றால் ஜாக்கிரதை. திருடன் வந்தால் உஷார். உன் அம்மாவின் காவல் தளர்ந்துவிட்டது, முன்போல உன்னைக் கண்காணிப்பதில்லை என்றுதான் படித்தேன். சத்தியமாக அப்படித்தான் படித்தேன்! உன் தமிழில் எத்தனை கன்னடச் சொல்லைப் பிடித்துக் கேலி செய்திருக்கிறேன். இந்த ஒரு சொல்லைத் தெரிந்த சொல் என்று தாண்டிப் போனேன். நான் என்னவெல்லாம் எழுதினேன்! பண்டிகை என்று எழுதினேன். தேங்காய் என்று எழுதினேன். என் வாயில் மண்ணைப் போட.

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? எழுந்து நடமாடுகிறாரா? ஒரு கார்டு போடு, அடுத்த ரயிலில் வந்து அவர் காலில் விழுகிறேன். உன்னிடம் அப்புறம் அடி வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
கமலு


லஷ்கர் மொஹல்லா, மைசூர்
2 பிப்ரவரி 1936

அன்புள்ள கமலுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நம்புகிறேன். உன்னை எனக்குத் தெரியாதா? அப்படி மனசறிந்து எழுதக்கூடியவள் இல்லையே என்றுதான் இத்தனை நாள் அழுதேன். எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்றே தோன்றவில்லை. உன்மேல் கோபமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா அக்டோபர் மாதக் கடைசியில் போய்விட்டாள்.

நான் அன்றைக்கு முழுதாக எழுதவில்லை, அது என் தப்பு. அந்தத் துப்பறியும் நாவலை நான் அம்மாவுக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். படுத்த படுக்கையில் ஒருநாள், "அப்படி என்னதான் இருக்கு அதுலே, சத்தமாப் படி பார்க்கலாம்" என்றாள். அப்புறம் அவளுக்கு என்னைவிட அவசரம். மருந்து குடிக்கும்போதுகூட, "அந்தத் தம்பிக்காரன்மேல எனக்குச் சந்தேகமா இருக்கு, ஜேன்" என்பாள். உனக்கு நேரில் சொல்லிச் சிரிக்கலாம் என்று எழுதாமல் வைத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "கமலுவா? படி. நானும் கதை கேக்கறேன்னு அவளுக்கு எழுதிடு, இன்னொரு புத்தகம் அனுப்பச் சொல்லு" என்றாள். நான் உறையைப் பிரித்து முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தேன். உன் மாமியார் ஓடி வந்ததற்குச் சிரித்தாள். சமையற்காரன் இல்லை என்றதும் கையைத் தட்டினாள். வேகமாகப் படித்துக்கொண்டு வந்தேனா, பண்டிகை என்ற சொல் வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் வேண்டுதலையும் படித்துவிட்டேன்.

அம்மா கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "என்னாலே உங்க ரெண்டு பேருக்கும் ரொம்பத் தொந்தரவு, இல்லே?" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பின் கதை கேட்கவில்லை. நானும் புத்தகத்தைத் தொடவில்லை.

நீ செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு கேட்கிறாய். நான் கொடுத்தாயிற்று. ஆனால் உன் விளக்கத்தைக் காதால் கேட்டிருக்க வேண்டியவள் நானில்லை, கமலு. தன் நோயை மகளின் சிநேகிதி பண்டிகை என்று சொன்னதாக நினைத்துக்கொண்டே அவள் போய்விட்டாள். "அம்மா, அது வேற அர்த்தம்" என்று இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

வரவேண்டாம். எழுதவும் வேண்டாம். உன் எழுத்து எனக்கு எப்போதும் உன் குரலில்தான் கேட்கும். இப்போது என் குரலில் கேட்கிறது, அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிற குரலில்.

ஜேன் கொர்னேலியஸ்