உங்கள் சப்போட்டாவும் என் கொய்யாவும்

சம்பந்தியம்மா,

சப்போட்டாப் பால் சோப்புக்கு அசையாது. வண்டூரில் பஸ் ஏறி டெய்ரி ஃபார்ம் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு வந்து இரண்டு முறை கை கழுவியும் கட்டைவிரல் நகத்துக்குள் பிசுபிசுப்பு அப்படியே இருந்தது. “தேங்காயெண்ணெய தடவுங்க மதினி, சோப்பு என்னா செய்யும்?” என்று நீங்கள் சொல்வீர்கள். தடவினேன். போய்விட்டது. நீங்கள் சொல்லி ஒன்றாவது பலிக்காமல் போயிருந்தால் நானும் உங்களை இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அந்த வாய்ப்பை நீங்கள் எனக்குக் கொடுக்கவே இல்லை.

என் மகளுக்கும் உங்கள் மகனுக்கும் கல்யாணமான வருஷம், வண்டூரில் உங்கள் வீட்டு முற்றத்தில் நாம் ஆளுக்கொரு கன்று நட்டோம். அடுப்படிக்கு இடப்பக்கம் என் கொய்யா, வலப்பக்கம் உங்கள் சப்போட்டா. நான் ஆயக்குடிக் கொய்யாத் தோப்பில் வளர்ந்து, வீட்டுக்காரரின் துறைமுக வேலைக்காகக் கப்பல் ஏறி வந்தவள். கொய்யாவை விட்டால் எனக்கு வேறு மரம் மரமாகத் தெரியாது. நீங்கள் சிலோன் மலையிலிருந்து சின்ன வயதில் வந்து, இந்தத் தீவுகளில் ரப்பர் மரத்தில் பால் எடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். “பால் வர்ற மரம்னா எனக்குப் பேச்சு புரியும் மதினி. ஒங்க கொய்யாகிட்ட நான் என்னத்தப் பேச?” என்றீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது நம் சண்டை.

என் மரம் இரண்டாம் வருஷமே காய்த்தது. உங்கள் மரம் பூப்பதும் உதிர்ப்பதுமாக ஐந்து வருஷத்தை ஓட்டியது. “ஒங்க மரம் பொறக்கும்போதே கெழவி, நகரவே மாட்டேங்குது” என்பேன். நான் ஞாயிற்றுக்கிழமை வந்தவுடன் கத்தரிக்கோலை எடுத்துக் கொய்யாவின் நுனிகளை ஒரு சாண் வெட்டுவேன். கொய்யா புதுத் துளிரில்தான் காய்க்கும். வெட்டாமல் விட்டால் வானத்தைப் பார்த்து வளர்ந்து நமக்கு இலையைக் காட்டும். உங்கள் மரத்தில் கத்தியே படக் கூடாது. காய்ந்த குச்சியை ஒடிப்பீர்கள், ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளுவீர்கள், அவ்வளவுதான் வைத்தியம். கடற்காற்றடித்து என் கொய்யாவின் இலை ஓரமெல்லாம் கருகி நிற்கும்போது உங்கள் சப்போட்டா எண்ணெய் தேய்த்துக் குளித்தவள் மாதிரி பளபளவென்று நிற்கும். அதை நீங்கள் வாயால் சொல்ல மாட்டீர்கள். ஓர் இலையைப் பறித்து என் மடியில் போட்டுவிட்டுப் போவீர்கள்.

மழையில் என் பழத்துக்குள் புழு வைக்கும். ஒவ்வொரு பிஞ்சுக்கும் பிளாஸ்டிக் பை கட்டி நிற்பேன். “பிள்ளைக்குக் குல்லா போட்டு முடிஞ்சிச்சா?” என்று கேட்டுச் சிரிப்பீர்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உங்களுக்கு இருந்தது வேறு வேலை. கொய்யா பழுத்தால் மூன்று வீட்டுக்கு மணக்கும், வௌவாலுக்குக்கூடத் தெரியும். சப்போட்டா முற்றினாலும் பச்சையாக இருந்தாலும் ஒரே உருளைக்கிழங்கு முகம். நீங்கள் காயைப் பறிக்கும் முன் மேலே இருக்கும் தூசியைத் தேய்த்து, வலது கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறுவீர்கள். உள்ளே பச்சை தெரிந்து பால் கெட்டியாக வந்தால் மரத்திலேயே விட்டுவிடுவீர்கள். மஞ்சளோடிப் பால் தண்ணீராக இருந்தால் பறித்து அரிசி டிரம்முக்குள் புதைப்பீர்கள். அதற்காகவே அந்த ஒரு நகத்தை வளர்த்தீர்கள். நான் அதைக் கேலி செய்யாத நாள் உண்டா? “பால் மரம் பொய் சொல்லாது மதினி, நாமதான் கேக்கணும்” என்பீர்கள்.

போன மழையில் நான்கு நாள் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். அதன் பிறகு முற்றத்தில் என்னோடு சண்டை போட ஆளில்லை. உங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், எனக்கு உங்களைத் தேடுகிறது சம்பந்தியம்மா. ரொம்பவே தேடுகிறது.

இந்த வருஷம் மாப்பிள்ளை டூரிஸ்ட்டுகளுக்கு ஒரு ரூம் கட்ட நினைத்தார். அடுப்படியை ஒட்டித்தான் கட்ட முடியும். இடப்பக்கம் கட்டினால் கொய்யா போகும், வலப்பக்கம் கட்டினால் சப்போட்டா போகும். கொத்தனாரிடம் பேசியாயிற்று.

“அம்மா மரத்த எடுத்துடலாம் அத்தே,” என்றார். மரத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “அது பேக்கார், ஒண்ணுக்கும் ஆகாது. அம்மா போனதுலேருந்து ஒரு பழம் ஒழுங்கா பழுத்துச்சா?”

“பெருசு பெருசாத்தாம்மா பறிச்சு டிரம்ல போட்டேன்,” என்றாள் என் மகள். “ஒண்ணு ரப்பர் மாதிரி சுருங்குது, இல்லன்னா துவர்க்குது. நீதான அந்த மரத்தக் கெழவின்னுவ? இப்ப நீயே சொல்லு.”

உங்கள் மரத்துக்கு ஒரு குறையும் இல்லை, கேட்கத்தான் ஆளில்லை. எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையிடம் வாயால் சொல்லி என்ன பயன்? பழம் சொன்னால்தான் நம்புவார். “அடுத்த ஞாயிறு வரைக்கும் ரெண்டு மரத்தையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு உங்கள் மரத்தடிக்குப் போனேன்.

என் நகம் ஒட்ட வெட்டிய நகம். கீறினால் தூசிதான் வந்தது. கடைசியில் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கீறினேன். பச்சை, பச்சை, பச்சை. கை முழுக்கப் பால். அப்புறம் உள்பக்கக் கிளையில், நான் பார்த்தால் பிஞ்சு என்று சொல்லியிருக்கக்கூடிய சின்னக் காய்களில் மஞ்சள் தெரிந்தது. அவற்றை மட்டும் பறித்து அரிசிக்குள் புதைத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பு இல்லை. காய் சுருங்கினால் மரத்துக்குப் பரிந்து பேச என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்காது.

அடுத்த ஞாயிறு டிரம் மூடியைத் திறந்ததும் வாசனை முகத்தில் வந்து மோதியது. மாப்பிள்ளை ஒன்றை எடுத்துப் பிட்டார். வாயில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றுவிட்டார். திரும்பி வந்து, “அம்மா பழம்தான்” என்றார். இன்னொன்று எடுத்துக்கொண்டார். பிறகுதான், “அப்ப ரூம் எங்க அத்தே?” என்று கேட்டார்.

“கொய்யாவ எடுத்துடுங்க,” என்றேன்.

மகள் என்னை முறைத்தாள். “அது ஒன் மரம்மா.”

“என் மரங்கிறதாலதான் சொல்றேன். அதுல ஒரு பதியன் கட்டித் தர்றேன், கிணத்தடியில வச்சா மூணாம் வருஷம் உன் பிள்ளை பறிச்சுத் தின்னும். வெட்டுனா துளிர்க்கும், புடுங்கி வச்சாலும் பொழைக்கும். சப்போட்டாவ வெட்டிட்டு இன்னொண்ணு இந்த அளவுக்கு வர்றதுக்கு யாரு உக்காந்திருக்கப் போறா?”

கவனித்தீர்களா? கொய்யாதான் சீக்கிரம் வரும், கொய்யாதான் எதையும் தாங்கும் என்று நான் இத்தனை வருஷமாக உங்களிடம் கத்திய அதே வாதம்தான் உங்கள் மரத்தைக் காப்பாற்றியது. எனவே இந்தச் சண்டையில் ஜெயித்தது நான். நீங்கள் அங்கே உட்கார்ந்து வேறு கணக்குப் போட வேண்டாம்.

மறுநாளே ஒரு நல்ல கிளையில் பட்டையை வளையமாக உரித்து, தேங்காய் நார் வைத்துப் பிளாஸ்டிக்கால் சுற்றிக் கட்டினேன். வேர் வெள்ளையாக எட்டிப் பார்க்கும் வரை கொத்தனாரைக் காத்திருக்க வைத்தோம். இப்போது கொய்யா நின்ற இடத்தில் அஸ்திவாரம் எழும்பிவிட்டது. மரம் சாயும்போது நான் உங்கள் சப்போட்டாவடியில் காய்ந்த குச்சி ஒடித்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் கன்று நான்கு புது இலை விட்டிருக்கிறது.

இன்று உங்கள் மரத்தில் மறுபடி காய் பார்த்தேன். ஊக்கு வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் கூடை பிடித்து நின்ற மகள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். எல்லா விரலும் ஒட்ட வெட்டியிருக்க, கட்டைவிரலில் மட்டும் நீளமாக நகம்.

“இது என்னம்மா, ஒரு வெரல்ல மட்டும் வெட்டாம வச்சிருக்க?”

“அது என் நகமில்லடி,” என்றேன். “உன் மாமியாரோடது.”