காளிராஜ் மாமா ஊற்றிய பால்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.7.1991

அன்பு மகள் பரிபூரணத்துக்கு அப்பா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், நீயும் ரியாத்தில் சுகமாக இருக்க ஆண்டாள் துணை. வாதத்தில் இடது கை விழுந்தாலும் வலது கை எழுதுகிறது, பேச்சுத்தான் குழறுகிறது, அதனால் யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாமல் கிடக்கிற நல்ல மனிதன் ஆகிவிட்டேன், உன் அம்மாவுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

ராஜபாளையத்து டாக்டர் என் தொண்டையைப் பார்த்து டிஸ்பேஜியா என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு நேரமில்லை. கூட வந்த உன் காளிராஜ் மாமா, இம்புட்டுப் பெரிய பேரு உள்ள நோவு ஆளைக் கொண்டு போகாம விடாது என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டி, சுந்தரபாண்டியம் வரைக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் வீடு நிறையச் சொந்தம். தண்ணீர் கொடுத்தார்கள், இருமினேன். தண்ணி இறங்கலை, இனி பாலை ஊத்த வேண்டியதுதான் என்று என்னை மல்லாக்கப் படுக்க வைத்து ஆளுக்கொரு கரண்டி ஊற்றினார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், உசிரு பிரிய மாட்டாமக் கெடந்து தவிக்குது என்று ஒருத்தி அழுதுகொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள். மூச்சு முட்டிக் கண் செருகின பிறகுதான் உன் அம்மா மாமாவின் கையிலிருந்த கிண்ணத்தைத் தட்டிவிட்டு என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். மாமா இன்னும் கோபமாக இருக்கிறார், சாகாமல் இருந்து அவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேனாம்.

அம்மா போட்ட கடிதத்துக்கு, நர்ஸ் வேலை பார்க்கிற உன் பதில் வந்த பிறகுதான் டிஸ்பேஜியா என்றால் விழுங்கச் சிரமம், அவ்வளவுதான் என்று தெரிந்தது. இதைத் தமிழில் சொன்னால் டாக்டருக்குப் படிப்புக் குறைந்தா போகும்? தண்ணீரோ பாலோ மூச்சுக்குழாய்க்குள் நழுவி நுரையீரலுக்குப் போவது ஆஸ்பிரேஷன், அதுதான் ஆபத்து என்று எழுதியிருந்தாய். நீ சொன்னபடியே அம்மா என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைத் தாழ்த்தச் சொல்லி, கெட்டியான கேப்பைக் கூழை அரைக் கரண்டி தந்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துத்தான் அடுத்ததை எடுக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. சாப்பிட்டதும் படுக்கவும் விடுவதில்லை. பால்கோவா கேட்டேன், முறைத்தாள்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். டியூட்டி அவசரத்தில் நின்றுகொண்டே சாப்பிடாதே. அப்பாவின் காரியத்துக்கு ஆகும் என்று லீவைச் சேர்த்து வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். அதை இப்போதே எடுத்துக்கொண்டு வா. உன் கையால் ஒரு கரண்டி கூழ் பயமில்லாமல் விழுங்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
வைகுண்டராஜ்