இடப்பக்க ஸ்பீக்கர் எரிந்த விவரம்

மெக்சிகோ சிட்டி,
24 செப்டம்பர் 1996.

சிகாகோவில் இருக்கும் என் கண்ணான பேத்தி யாரெலிக்கு, பாட்டி எர்லிந்தா எழுதுவது. நான் நலம். உன் மாமா அபுந்தியோ நலம். தாத்தா விட்டுப்போன ஸ்பீக்கர்களில் இடப்பக்கத்தது மட்டும் நலமில்லை. முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

சான் மதேயோ புனிதரின் திருவிழாவுக்கு நம் தெருவில் எதிரெதிரே இரண்டு சவுண்டு செட். ஒன்று நம்முடையது, நீ உன் கையால் செய்துவைத்த ஆம்ப்ளிபயரோடு. மற்றது எதிர்வீட்டு ஒப்துலியாவின் பேரன் நபோருடையது, கடையில் வாங்கிய புதுப்பெட்டி. ஒப்துலியா அன்றைக்குப் புதுச்செருப்பு வேறு. அவளுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை.

நம் பெட்டி சுவிட்சு போட்டதும் பாடாது என்பது உனக்குத் தெரியும். நான்கு நொடி சும்மா இருந்து, நீ உள்ளே வைத்த ரிலே "டக்" என்று பிடித்தபிறகுதான் பாடும். அதற்குள் அவர்களுடையது அலற ஆரம்பித்துவிட்டது. "என்னடி எர்லிந்தா, உம்பேத்தி பெட்டி செபம் சொல்லிட்டுத்தான் வாயத் தொறக்குமா?" என்றாள் ஒப்துலியா. தெருவே சிரித்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். ஐந்தாவது முடித்த நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அரைமணி கழித்துப் பாட்டு நடுவில் "டக்". சத்தமே இல்லை. அபுந்தியோ மறுபடி போட்டான். ரிலே பிடிக்கவில்லை. "அம்மா, உள்ள ஏதோ கெட்டிருக்கு. ஸ்பீக்கரக் காப்பாத்தத்தான் ரிலே பிடிக்க மாட்டேங்குது. விட்டுரு" என்றான். எதிரே நபோர், வெளியூரில் இருப்பவர்களுக்கான வாழ்த்துச் சீட்டுகளை மைக்கில் வாசித்து, அனுப்பிவைக்க நாடாவில் பதிந்தும் கொடுக்கிறான். வெளியூரில் பிள்ளைகள் இருக்கிற நம் பக்கத்து ஆட்களே சீட்டோடு அங்கே போய் நிற்கிறார்கள். உனக்கு நான் எழுதிய சீட்டு என் கையில் கசங்குகிறது.

"அந்த ரிலேவத் தாண்டி ஒரு கம்பியப் போடுடா" என்றேன்.

"யாரெலி என்னக் கொன்னுருவா."

"அவ பெரியவளா, நான் பெரியவளா?"

போட்டான். பாட்டு வரவில்லை. ஓர் உறுமல் வந்தது. இடப்பக்க ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கருகல் வாடை, அப்புறம் புகை.

திறந்து பார்த்தால் ஒரு டிரான்சிஸ்டர் வெந்திருந்ததாம். அதன் வழியாக வந்த மின்சாரம் மொத்தமும் ஸ்பீக்கரின் கம்பிச்சுருளில் இறங்கிவிட்டது. அதைத்தான் உன் ரிலே தடுத்து நின்றிருக்கிறது. என் மானத்தை வாங்குகிறது என்று நான் நினைத்தேன்.

ஒப்துலியா தெருவைக் கடந்து வந்தாள். சிரிக்கவில்லை. என் கையிலிருந்த சீட்டை உருவிக்கொண்டு போய் நபோரிடம் கொடுத்தாள். "சிகாகோல இருக்கிற யாரெலிக்கு அவ பாட்டி எர்லிந்தா சொல்லிக்கிறது, குளிருக்குத் தலைய மூடிக்க, கண்ணு!" என்று தெரு முழுக்கக் கேட்டது. அந்த ஒலிநாடாவை இதோடு அனுப்புகிறேன். சத்தம் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதை நீ ஒப்துலியாவுக்கு எழுதிவிடாதே.

நபோர் நேற்று வந்து, "பெட்டியக் குடுங்க பாட்டி, நான் சரிபண்ணித் தர்றேன்" என்றான். நல்ல பையன்தான். ஆனால் நீ ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தில் அவன் கைவைப்பதா? கதவைச் சாத்திவிட்டேன்.

கிறிஸ்துமசுக்கு விடுப்புக் கிடைக்குமா? பெட்டிக்காகத்தான் கேட்கிறேன். வந்தால் எல்லை தாண்டித் திரும்பிப் போவது கஷ்டம் என்றால் வரவேண்டாம். பெட்டி காத்திருக்கும். குவாதலூப்பே அன்னை உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
பாட்டி எர்லிந்தா