கண்டி வாவியில் ஏறிய தோணி

முருகன் துணை.

அன்புள்ள தெய்வானைக்கு, நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி? போனில் பேசும்போது முதலாளி பக்கத்தில் நிற்கிறார். எழுதினால்தான் இந்தக் கண்டியை ஆசைதீரத் திட்டலாம். இந்த வயதில் எழுத்துப் படித்தது வீண்போகவில்லை.

இங்கே கார் இல்லாதவன் மனிதனே இல்லை. கிழவன் கை காட்டினால் பஸ் நிற்காது. ஓட்டோக்காரரின் கண்ணுக்கு வெள்ளைக்காரர் மட்டும்தான் தெரியும். இன்னொரு நாள் பிந்தினால் விடுதிக் காவல் வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். மறுநாள் அக்கரையில் இருக்கும் விடுதிக்குப் போக வந்தபோது வாவியில் ஒரு தோணி நின்றது. நம்மூர்த் துறைபோல அக்கரைக்குப் போகும் என்று நம்பி ஏறினேன். அது வாவியைச் சுற்றிவிட்டு, ஏறிய இடத்திலேயே என்னை இறக்கியது.

"இது சும்மா சுத்திப் பாக்கிறதுக்கு, ஐயா. அக்கரைக்கு நடந்துதான் போகணும்" என்று தோணிக்காரன் சிரித்தான்.

"அக்கரைக்குப் போகாததுக்கு உனக்கு என்னத்துக்கடா தோணி?" என்றேன்.

கதையைக் கேட்டு முதலாளியும் சிரித்ததால் வேலை தப்பியது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

செருப்புத் தேய்ந்துவிட்டது, யாரும் இந்தப் பக்கம் வந்தால் என் மற்றச் சோடியைக் கொடுத்துவிடு. பொங்கலுக்கு வருவேன். துறையில் என்னைக் காணும்வரை தோணியை விடவேண்டாம் என்று சாமித்தம்பியிடம் சொல். அவன் நிற்பான்.

முதலாளி கூப்பிடுகிறார்.

கந்தப்போடி