நடுப்படத்தை வாங்கி அனுப்பாதே

அன்பு மகள் பட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அப்பாவுடைய டிவிடி டப்பாக்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாயாமல் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் குட்டிம்மாவும் சளி இருமல் இல்லாமல், ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் இருக்கிறீர்களா, அதைத் தெரிந்துகொண்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். குட்டிம்மா என்னை வரைந்து அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. கையில் ஒரு விரலைக் கூடவே வைத்துவிட்டாள், போகட்டும், வீட்டு வேலைக்கு ஆகும். ஆனால் மூக்கு இருக்கிறதே, அச்சு அசலாக என் மூக்கு. இந்த வயதில் எந்தப் பிள்ளைக்கு அப்படிக் கை ஓடும் சொல். உன் அப்பாவை விட்டு நம் கட்டிடத்து லிஃப்ட்டுக்குள்ளேயே ஒட்ட வைத்துவிட்டேன். உள்ளே ஏறினவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள், இறங்குகிற வரை என் பேத்தியின் கைவண்ணத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்ல முடியாது, உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் இந்த ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, கோணல்மாணலாக இருந்தாலும் கூட்டிப் படித்துக்கொள். அப்பா உன்னை ஒரு படம் தேடச் சொன்னாரே, ரொட்டிக்காரன் பெண்டாட்டி கதை மூன்று படமாக வந்ததில் நடுப்படம், அதை வாங்கி அனுப்பாதே. கடையில் கண்ணெதிரே இருந்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு. ஏன் என்று கேட்பாய், சொல்கிறேன், மாப்பிள்ளையிடம் மட்டும் உளறிவிடாதே, அவருக்கு அப்பாவிடம் எதையும் மறைக்கத் தெரியாது.

நீ அங்கே போன பிறகு அப்பா மூடப்போகிற ஒரு வீடியோ கடையில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போனதும், கடைக்காரர் கூலியோடு ஒரு பெட்டி வெளிநாட்டு டிவிடியையும் தலையில் கட்டியதும் உனக்குத் தெரியும். அந்தப் பெட்டி குட்டி போட்டு இன்று உன் அறையின் இரண்டு சுவரையும் பிடித்துக்கொண்டது தெரியுமா. லிஃப்ட் கம்பெனியில் ஓய்வு கொடுத்த நாளிலிருந்து இதுதான் வேலை. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் ஒவ்வொரு டப்பாவின் முதுகையும் துடைப்பார், முதுகில் இருக்கிற நம்பர் வரிசை தப்பாமல் அடுக்குவார், கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார், பெருமூச்சு விடுவார். போட்டுப் பார்ப்பது மட்டும் கிடையாது. ஒரு தடவை போட்டார், கறுப்பு வெள்ளையில் ஒருத்தன் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் திரும்புவதற்குள் இவர் குறட்டை விட்டுவிட்டார். கேட்டால், "பாக்குறதுக்கா வாங்கினேன், இதெல்லாம் கலெக்‌ஷன்" என்கிறார்.

எதிர்க் கட்டிடத்துப் பல் டாக்டருக்கும் இதே பைத்தியம். இரண்டு பேரும் ஒன்றாக நடக்கப் போவார்கள், ஒன்றாக டீ குடிப்பார்கள், ஒன்றாகப் பழைய டிவிடி விற்கிற இடமெல்லாம் அலைவார்கள். அப்படிப் போன இடத்தில் இந்த ரொட்டிக்காரன் படம் மூன்றும் கிடைத்திருக்கிறது. அப்பா கை நீட்டி முதலையும் மூன்றாவதையும் எடுக்க, டாக்டர் நடுவை உருவிக்கொண்டார். நீ குடு, நான் தரமாட்டேன், அங்கேயே ஆரம்பித்த சண்டை. நடையும் போச்சு, டீயும் போச்சு. இதில் உன் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி முகம் ஒரு பக்கம் உப்பிக் கிடந்தது, "அந்த ஆள் முன்னாடி நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். கஞ்சி வைத்துக் கொடுத்து எனக்குக் கை சலித்துவிட்டது.

எனக்கு வேறு கவலை. இரவில் அவர் குறட்டை விட்ட பிறகு முதல் படத்தையும் மூன்றாவதையும் நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். முதல் படத்துக் கடைசியில் அந்த ரொட்டிக்காரன் பெண்டாட்டி சொல்லாமல் கொள்ளாமல் படகில் ஏறிப் போகிறாள். மூன்றாவது தொடங்கும்போது தலை நரைத்து ஒரு கழுதையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். நடுவில் என்ன ஆனாள், யார் வீட்டில் இருந்தாள், கழுதை ஏது, எனக்குத் தூக்கம் வருமா. காய்கறிக் கடையில் டாக்டர் வீட்டு அக்காவைப் பார்த்துக் கேட்டேன். அவர் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், படத்துக்குக் கீழே ஓடுகிற இங்கிலீஷை வேகமாகப் படித்துவிடுவார். அவருக்கும் அதே தவிப்பு. "எங்க வீட்ல நடுவுல மட்டும் இருக்கு, அவ எங்கேர்ந்து வந்தா, எங்க போனான்னு தெரியாம மண்டை வெடிக்குது" என்றார்.

பிறகு என்ன, டப்பா அலமாரியிலேயே இருக்கட்டும், உள்ளே இருக்கிற படத்தட்டு மட்டும் நடக்கட்டும் என்று பேசிக்கொண்டோம். முதுகைத் துடைக்கிறவர்கள் வயிற்றைத் திறந்தா பார்க்கப் போகிறார்கள். மதியம் டாக்டர் கிளினிக்குப் போனதும் எங்கள் வீட்டுத் தட்டைச் சப்பாத்தி டப்பாவில் துணி சுற்றி வைத்து எடுத்துக்கொண்டு போவேன். அக்கா படித்துச் சொல்லச் சொல்ல நான் பார்ப்பேன். அழுகை வந்தால் அக்காவுக்குப் படிக்க வராது, அப்போது நானாக ஒரு வசனம் போட்டுக்கொள்வேன், அக்கா மூக்கைச் சிந்திவிட்டு "கிட்டத்தட்ட அதேதான் சொன்னான்" என்பார். மூன்றையும் வரிசையாகப் பார்த்து முடித்தோம். முடிக்கிற அன்றைக்குப் பார்த்து, பல் பிடுங்க வரவேண்டிய ஆள் பயந்து வராமல் போய்விட, டாக்டர் சீக்கிரமே வீட்டுக்கு வந்து மணி அடித்துவிட்டார். அக்கா கைக்கு வந்த தட்டை அவர்கள் டப்பாவில் திணித்தார், நான் மேஜையில் கிடந்ததை என் சப்பாத்தி டப்பாவில் போட்டுக்கொண்டு, டாக்டரைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு நடையைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து மூன்றாவது படத்தின் டப்பாவில் வைத்து மூடினேன். மாறிவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்.

தெரிய வந்தது உன்னால்தான். அப்பா நடுப்படம் கேட்டபோது, எந்தக் கம்பெனி தட்டு என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாயே மகராசி. அதுவரை திறக்காத டப்பாவை அன்றைக்குத் திறந்தார். மூன்று என்று இருக்க வேண்டிய இடத்தில், தட்டின் மேல் கொட்டை எழுத்தில் இரண்டு. நான் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். அவரோ, "ஃபேக்டரியிலயே மாத்திப் போட்டுட்டான்டீ, அப்ப என் மூணாவது எங்க இருக்கும்" என்று வீங்கின கன்னத்தோடு நேராக டாக்டர் வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன், போகாமல் இருக்க முடியுமா. டாக்டர் டப்பாவைத் திறந்தார், உள்ளே மூன்று. டாக்டர் கொஞ்சம் விவரமானவர், அக்காவைத் திரும்பிப் பார்த்து, "நீ ஏதாவது தொட்டியா?" என்றார். அக்கா முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டுமே, "எனக்கெதுக்குங்க அந்தத் தூங்குமூஞ்சிப் படமெல்லாம்" என்றார். அந்த அம்மாவை நாடகத்தில் நடிக்க விட்டிருக்க வேண்டும்.

இனிமேல்தான் வேடிக்கை. டாக்டர் பல் பார்க்கிற லென்ஸை எடுத்து வந்து இரண்டு தட்டையும் ஆராய்ச்சி செய்தார். தப்பாக அச்சடித்த தபால்தலைக்குத்தான் மதிப்பு அதிகமாம், அதே மாதிரி ஃபேக்டரியில் மாறிப்போன ஜோடி, அதுவும் இரண்டும் ஒரே தெருவில், உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காதாம். உன் அப்பா லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "இங்க பாருய்யா, பேக் பண்ணினவன் கைரேகைகூட இருக்கு!" என்று கத்தினார். அது அன்றைக்குச் சப்பாத்திக்கு எண்ணெய் தொட்ட என் கட்டைவிரல், பட்டு. துடைக்கக் கூடாது என்று இருவரும் ஏகமனதாக முடிவு செய்து, கண்ணாடி பிடிக்கிற மாதிரி பிடித்து உள்ளே வைத்தார்கள். மாற்றிக்கொள்ளவும் கூடாதாம், மாற்றினால் மதிப்புப் போய்விடுமாம். அக்கா தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்க் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். நான் அங்கேயே நின்று சிரிப்பை விழுங்கியதில் விக்கல் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அப்பா வாயைப் பெரிதாகத் திறந்தார், டாக்டர் அப்படியே நாற்காலியில் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்து, "இவ்வளவு நாளா என்னய்யா பண்ணிட்டிருந்த, சொத்தை வேர் வரைக்கும் போயிருக்கு" என்று திட்டினார்.

இப்போது பல்லைக் குடைந்து மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது, இன்னும் வேர் சுத்தம் செய்ய வேண்டும், மேலே தொப்பி போட வேண்டும். நடையும் டீயும் திரும்ப ஆரம்பித்துவிட்டது. ஆனால் அப்பாவுக்கு ஆசை விடவில்லை, நீ இன்னொரு நடுப்படம் அனுப்பினால் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்கிறார். அது ஒழுங்காக இருந்தால், மற்ற டப்பாக்களையும் திறந்து பார்க்கத் தோன்றும். நானும் அக்காவும் இந்த மூன்றோடு நின்றோமா என்ன, அலமாரியில் பாதித் தட்டு டப்பா மாறிக் கிடக்கிறது. கண்டுபிடித்துவிட்டால் நாம் இரண்டு பேரும் ஏமாந்தோம் என்று ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வார்கள், பல்லும் அரைகுறையாக நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், அனுப்பாதே.

போன ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஒரு யோசனை சொன்னார், இவ்வளவு அபூர்வமான படத்தை ஒரு தடவை பார்த்துத்தான் வைப்போமே என்று. நம் வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்து முதல் படம் போட்டோம். பல் வலி இல்லாமல் போனதாலோ என்னவோ உன் அப்பா தூங்கவில்லை. அவள் படகில் ஏறிப் போகிற இடம் வந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஏன் போறா? அந்த ஆளு ஒண்ணுமே சொல்லலையே!" என்றார். "அதனாலதான் போறா" என்றேன். டாக்டர் சிரிக்க வாய் திறந்தவர் அக்கா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அன்றிலிருந்து உன் அப்பா என்னைத் தொணதொணக்கிறார், காய் நறுக்க வந்து நிற்கிறார், என்ன சமையல் என்று கேட்கிறார், மொட்டை மாடிக்குத் துணி எடுக்கக்கூட வருகிறார், எல்லாம் சுற்றி வளைத்து, "அடுத்த படத்துல அவ திரும்பி வருவாளா? உனக்கு என்ன தோணுது?" என்பதற்குத்தான். எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரை பேசிக்கொண்டிருக்கட்டும்.

வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி, மாப்பிள்ளை சொல்வதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே, குட்டிம்மாவுக்குக் கலர் பென்சில் தீர்ந்தால் உடனே வாங்கிக் கொடு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், வீடு நிறையப் பேச்சும் சிரிப்புமாக நீடூழி வாழ வேண்டும். அப்பா கேட்டால், தேடினேன், கிடைக்கவே கிடைக்காதாம் என்று சொல், அதைக் கேட்டு அவர் சந்தோஷம்தான் படுவார். இந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடாதே, குட்டிம்மா எழுத்துக் கூட்டப் பழகியதும் படிக்கக் கொடு, தன் பாட்டி எப்பேர்ப்பட்டவள் என்று அவளாவது தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
முத்தங்களுடனும் முழு விழிப்புடனும்
உன் அம்மா