ஈறு வளர்க்கும் மாத்திரையும் எதிரெதிர் இரண்டு அறைகளும்

அனுப்புநர்
அ. சின்னப்பன் (வயது 49),
காய்கறி மண்டியில் ஏலம் கூறுபவர்,
மாரண்டஹள்ளி, பாலக்கோடு வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: இரத்தக் கொதிப்பு மாத்திரையால் ஈறு வளர்ந்து பற்களை மூடுவது – டாக்டர்கள் இருவரும் கலந்து பேசி முடிவு சொல்ல உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற திங்கட்கிழமை மனு கொடுக்க வந்தவன், குறையைச் சொல்லாமல் ஜன்னல் முன்னால் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். நேரில் காட்டினால் எழுதுகிற வேலை மிச்சம் என்று நினைத்தேன். குமாஸ்தா ஐயா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "எழுதி எடுத்துக்கிட்டு வாங்க பெரியவரே" என்றார். தவறு என்னுடையதே. எட்டாவதோடு நின்றவன்; பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

2. ஒன்றரை வருடமாகக் கொதிப்புக்கு தருமபுரி அரசு மருத்துவமனையில் கொடுக்கும் சிவப்புக் கேப்சூல் சாப்பிட்டு வருகிறேன். கொதிப்பு அடங்கியது. ஆனால் ஆறாம் மாதம் ஈறு தடிக்கத் தொடங்கி, இப்போது கிழங்குக்கு மண் அணைத்ததுபோல் பற்களைப் பாதிக்கு மேல் மூடிவிட்டது. சோறு மென்றாலே இரத்தம். நான் விலை கூவும்போது வியாபாரிகள் இரண்டடி தள்ளி நிற்கிறார்கள்.

3. வெற்றிலையால்தான் என்று எங்கள் தெருவே தீர்ப்புச் சொன்னது. தவக்காலம் நாற்பது நாளும் வெற்றிலையைத் தொடவில்லை. பங்குச் சாமியார் என் பக்தியைப் பிரசங்கத்திலேயே மெச்சினார். ஈறு மெச்சவில்லை, ஈஸ்டருக்குள் இன்னும் ஒரு சுற்று வளர்ந்தது. என் மனைவி ராயம்மாள் புற்றுநோய் என்றே முடிவு கட்டி அழுகிறாள்.

4. பிறகு அதே மருத்துவமனையின் பல் டாக்டர் ஈறுச் சதையை வெட்டிவிட்டார். மூன்று மாதத்தில் திரும்பவும் வளர்ந்தது. மறுபடி போனபோது மாத்திரையை வாங்கிப் பார்த்து, "புத்து இல்லீங்க, பயப்படாதீங்க. இந்த மாத்திரையாலயும் ஈறு வளருதுன்னு இப்பதான் டாக்டர் புஸ்தகத்துல எழுதறாங்க. குடுத்தவரையே கேட்டு மாத்திக்குங்க" என்றார். எதிர் அறைக்குப் போனேன். அங்கே மாத்திரை எழுதிக் கொடுத்த பெரிய டாக்டர், "கொதிப்பு மாத்திரைக்கும் பல்லுக்கும் என்னய்யா சம்பந்தம்? நிறுத்தினா போய்ச் சேந்துடுவ" என்றார். இரண்டு அறைக்கும் நடுவே எட்டடி. அதை நான் இதுவரை ஒன்பது முறை தாண்டிவிட்டேன். சீட்டில் எழுதித் தரும்படி கேட்டால் இருவருமே எழுதுவதில்லை.

5. ஐயா, சிரிக்கும்படி எழுதுவது என் சுபாவம். பயம் நிஜம். என் அண்ணன் மரியசூசை, "உடம்பு நல்லாத்தானடா இருக்குது" என்று கொதிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தி, தக்காளித் தோட்டத்தில் பக்கவாதம் வந்து விழுந்தவர். மூன்று வருடமாகப் படுக்கை, பேச்சில்லை. அவருக்குக் கஞ்சி ஊட்டுவது நான்தான். மாத்திரை போட்டால் வாய் போகிறது, விட்டால் அந்தக் கட்டில். எனக்கு இரண்டு பெண்கள். இளையவள் ராஜமேரி எட்டாவது படிக்கிறாள்.

6. டாக்டர்கள்மேல் நடவடிக்கை வேண்டாம். இருவரும் ஒரே நாளில், ஒரே அறையில் என்னைப் பார்த்து, வேறு மாத்திரை உண்டா இல்லையா என்று ஒரே சீட்டில் எழுதித் தரத் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த வாரமே சொல்லும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மாரண்டஹள்ளி
நாள்: 5.9.1988

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
அ. சின்னப்பன்

பி.கு.: "மாத்திரை ஒழுங்காப் போடறியா?" என்று பெரிய டாக்டர் கேட்டதற்கு, "தவறாம போடறேனுங்க" என்றேன். பதினெட்டு நாளாகப் போடவில்லை. ஈறு கொஞ்சம் வற்றியிருக்கிறது. இன்று காலை இடது கையிலிருந்து காப்பி டம்ளர் தானாக நழுவி விழுந்தது. கை ஈரம் என்று ராயம்மாளிடம் சொல்லிவிட்டேன். கை ஈரமாக இல்லை, ஐயா.